மணலி புதுநகர் – அத்திப்பட்டு வழியில் மழைக்கால சைக்கிள் டயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2024 வடகிழக்குப் பருவமழையின்போது நடந்தது. மணலி புதுநகரில் குடியிருக்கும் ஓர் இளைஞர் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வயது 26, எடை 64 கிலோ. வேலைக்குப் போக வர கியர் சைக்கிள்தான். ஒரு வழி எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நான் திருவொற்றியூரில் சைக்கிள் பழுது பார்ப்பவன். மூன்று வருடமாக அவருடைய சைக்கிளை நான்தான் பார்க்கிறேன். இதில் எடுத்த முடிவுகளில், தவறாகப் போன முதல் முடிவு உட்பட, எனக்குப் பங்கு உண்டு. அவரை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். எழுதியதை அவர் படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறேன்.

சைக்கிள் சாதாரணமானது. 26 அங்குல சக்கரம், முன்னால் ஷாக் அப்சார்பர் ஃபோர்க், இரண்டு சக்கரத்திலும் ரிம்மைக் கட்டைகளால் அழுத்திப் பிடிக்கும் வி-பிரேக், மொத்த எடை 16 கிலோ. வாங்கும்போது வந்த 2.10 அங்குல அகல டயர்தான் அதுவரை ஓடியது. நடுவில் பட்டன்கள், அதாவது டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள், தேய்ந்து ஒரு மில்லிமீட்டர்கூட நிற்கவில்லை. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று அடிப்பார். நான் காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தபோது 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காட்டியது.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் பாதி அதில்தான் இருக்கிறது. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி நெடுஞ்சாலையில் மணலி புதுநகரைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றைக் கடந்து, வல்லூர் வழியாகப் போகிறார். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். அனல் மின் நிலையங்களிலிருந்து சாம்பல் ஏற்றிவரும் லாரிகளும் உண்டு. டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் ரோட்டின் இடது ஓரம் முழுக்க அடைபட்டுவிடும். சைக்கிள்காரர் தாரை விட்டு இறங்கி ஓரத்து மண்ணில்தான் போயாக வேண்டும். வெயில் காலத்தில் அது வெறும் புழுதி. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் சகதி.

முதலில் வந்த புகார்

அக்டோபர் 15, 16 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு அடுத்தடுத்த நாட்களில் தம்பி இரண்டு முறை ஓரத்துச் சகதியில் சறுக்கினார். ஒரு முறை பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இன்னொரு முறை முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போய் ஆளோடு விழுந்தது. அடி இல்லை. ஆனால் உடுப்பு முழுக்கச் சேறு, வீட்டுக்குத் திரும்பி மாற்றிக்கொண்டு போனதில் அரை நாள் வருகை போனது. மறுநாள் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"சேத்துல நிக்கிற டயர் போட்டுக் குடுங்கண்ணே. செலவு ஆனாலும் பரவாயில்ல."

முதல் முடிவும் அதன் காரணமும்

நான் சேற்று டயர் என்றே விற்கப்படும் ஒரு ஜோடியை வரவழைத்தேன். 26 × 2.25 அளவு, பட்டன் உயரம் 6 மி.மீ., பட்டனுக்குப் பட்டன் நல்ல இடைவெளி. இரண்டும் சேர்த்து 4,800 ரூபாய். அவருடைய சம்பளத்துக்கு இது பெரிய தொகை.

காரணம் இதுதான். உயரமான பட்டன் மேல் சேற்றைக் குத்திக்கொண்டு கீழே உள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும். இடைவெளி அதிகமாக இருந்தால் சக்கரம் சுற்றும்போது சேறு உதிர்ந்துவிடும். இந்த விளக்கத்தில் பிழை இல்லை. மழை அதிகமுள்ள குளிர் நாட்டு மலைக்காட்டுப் பாதைகளில் ஓட்டுபவர்கள் இந்த அமைப்பைத்தான் நாடுகிறார்கள். ஆனால் அங்கே அதைக் குறுகிய டயரில் போடுவார்கள், 1.8 முதல் 2.1 அங்குலத்துக்குள் இருந்தால்தான் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கும், ஃபிரேமிலும் இடம் மிச்சமிருக்கும். அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்று நினைத்து நான் 2.25 எடுத்தேன். அது முதல் பிழை. அதைவிடப் பெரிய பிழை, தம்பி போகும் வழியை நான் நேரில் பார்க்காமலேயே டயரைத் தேர்ந்தெடுத்தது.

விழுந்த காலை

நவம்பர் இரண்டாவது வாரம், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் நேரம், காலை ஆறே கால் இருக்கும். மழை விட்டிருந்தது. டிரெய்லர் வரிசை நின்றதால் தம்பி ஓரத்தில் இறங்கினார். கொஞ்ச தூரத்திலேயே களிமண் பட்டன்களுக்கு நடுவில் அப்பிக்கொண்டு பிரேக் கட்டைகளில் உரச ஆரம்பித்தது. இறங்கித் தள்ளினார், குச்சியால் சுரண்டினார், மறுபடி ஏறினார். வரிசையில் ஓர் இடைவெளி தெரிந்ததும் சாய்வாகத் தார் மேல் ஏறப் பார்த்தார்.

தார் விளிம்பு மண்ணைவிட நாலு விரற்கடை உயரம். முன் சக்கரம் விளிம்பை ஒட்டியே கொஞ்சம் உரசிக்கொண்டு போய்ச் சட்டென்று ஏறியது. ஏறிய வேகத்தில் தார் மேல் வழுக்கியது. வலது பக்கமாக, ரோட்டுக்குள் விழுந்தார். பின்னால் வந்த டிரெய்லர் மெதுவாக வந்ததால் இரண்டு சைக்கிள் நீளத் தூரத்தில் நின்றது. அதன் ஓட்டுநரே இறங்கிவந்து தூக்கிவிட்டிருக்கிறார். முழங்கையும் முட்டியும் நன்றாகச் சிராய்ந்திருந்தன. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா இனி சைக்கிளே வேண்டாம் என்றுவிட்டார். தம்பி அன்று மாலை எனக்குப் போன் செய்து சொன்ன ஒரு வரிதான் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது.

"சேத்துல கூட ஓரளவு சமாளிச்சுடலாம்ணே. ரோட்டுலதான் நிக்கவே இல்ல."

வழியை நேரில் பார்த்தது

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் இருவரும் முழு வழியையும் மெதுவாகப் போனோம். தூரத்தை மொபைலில் குறித்தோம். மொத்தம் 8.2 கி.மீ. அதில் தார் 6.6. ஓரத்து மண், வரிசை நிற்கும் நாட்களில், 1.3. கிடங்கு வாசலில் சிமென்ட் தளமும் இரும்புத் தகடும் 0.3. சேறு என்று நாங்கள் கவலைப்பட்டது ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

வழுக்கலும் ஒரே மாதிரி இல்லை. ஓரத்து மண்ணை எடுத்து உருட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி நாடா போலத் தள்ளினேன். ஆறு சென்டிமீட்டர் வரை அறுந்துபோகாமல் வந்தது. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் அது நல்ல களிமண். ஒட்டும், அப்பும், உதிராது. அதற்குக் கீழே ரோடு போட்டபோது கொட்டிய சரளை கெட்டியாக இருந்தது. குச்சியை இறக்கிப் பார்த்ததில் சேற்றின் ஆழம் பெரும்பாலும் இரண்டு விரற்கடை.

தார் மேல் இருந்தது வேறு. லாரி டயர் கொண்டுவந்த மண்ணும் சிந்திய சாம்பலும் மழையில் குழைந்து, தோசைக் கல்லில் மாவு தேய்த்தது போல ஒன்றிரண்டு மில்லிமீட்டர் படலம். அதை எடுத்து அழுத்தினால் நாடா வராது, உடையும். உள்ளங்கையில் வைத்து ஆட்டினால் தண்ணீர் மேலே வந்து பளபளக்கும். நிலக்கரிச் சாம்பலின் துகள்கள் பெரும்பாலும் கண்ணாடி போன்ற நுண்ணிய உருண்டைகள், களிமண் போல ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்பவை அல்ல. ஈரத்தில் அவை காலடியில் பரப்பிய கடுகு போல நடந்துகொள்கின்றன. லாரிகள் நிற்கும் இடங்களில் எண்ணெய்ச் சொட்டும் இதில் கலக்கிறது. எண்ணெய் கலந்த ஈரம் எப்படி வழுக்கும் என்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது எண்ணூர், எர்ணாவூர்க்காரர்கள் நன்றாகவே பார்த்தார்கள்.

ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துவிடுகிறேன், கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது. கார் டயர் போலத் தண்ணீரை வெளியே தள்ள சைக்கிள் டயருக்குக் கோடும் பள்ளமும் வேண்டுமா? வேண்டாம். விமான டயர்களுக்கென்று வந்த பழைய கணக்கு ஒன்று உண்டு. டயர் எந்த வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் என்பதைக் காற்றழுத்தத்தை வைத்துச் சொல்வது. 36 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு 100 கி.மீ. அளவில் வருகிறது. வல்லூர் ரோட்டில் சைக்கிள் அந்த வேகத்தைத் தொடப்போவதில்லை. ஈரத் தாரில் சைக்கிளைப் பிடித்து வைப்பது ரப்பரின் மென்மையும், எவ்வளவு ரப்பர் தரையில் படிகிறது என்பதும்தான்.

தராசு வைத்துப் பார்த்தது

ஊகத்தில் இன்னொரு ஜோடி வாங்க எனக்கு மனம் வரவில்லை. காசிமேட்டில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். இரண்டு பிரேக்கையும் பழைய ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டி, கேரியரில் 20 கிலோ மணல் மூட்டை வைத்தோம். சீட்டைத் தம்பி சாயாமல் பிடித்துக்கொள்ள, நான் தராசைக் கொக்கி மாட்டி இழுத்தேன். சக்கரம் சுற்றாமல் நகர ஆரம்பிக்கும்போது முள் காட்டுவதைக் குறித்தோம். ஒவ்வொன்றும் ஐந்து முறை. முள் ஆடும், கை நடுங்கும். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படலம் பூசிய சிமென்ட் தளத்தில் சேற்று டயர் 11 கிலோவில் நகர்ந்தது. தேய்ந்த பழைய டயர், 60 பி.எஸ்.ஐ. காற்றோடு, 12. அதே பழைய டயரில் காற்றை 35-க்கு இறக்கியதும் 13. கடையில் கிடந்த, நெருக்கமான சிறு பட்டனும் மென்மையான ரப்பரும் உள்ள ஒரு டயர் 15. ஓரத்துக் களிமண்ணில் கதை தலைகீழ்: சேற்று டயர் 17, சிறு பட்டன் டயர் 14, தேய்ந்த டயர் 9.

4,800 ரூபாய் டயர், சேற்றில் தன் வேலையைச் செய்தது. ஆனால் தார் மேல் தேய்ந்த மொட்டை டயரைவிடவும் மோசம். உயரமான பட்டன்கள் குறைவாக இருப்பதால் தரையில் படும் ரப்பர் குறைவு, திருப்பும்போது பட்டனே வளைந்துகொடுக்கிறது, ரப்பரும் கெட்டி. விரல் நகத்தால் அழுத்தினால் தடம்கூட விழவில்லை.

இடைவெளியையும் அளந்தேன். காற்றடித்த டயரின் அகலம் 55 மி.மீ. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாய்களுக்கு நடுவில் 62 மி.மீ. இரண்டு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டர்தான் மிச்சம். களிமண் சிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது முடிவு

இப்போது கேள்வியை வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். எங்கே அதிகம் வழுக்குகிறது என்பதை விட்டுவிட்டு, எங்கே விழுந்தால் ஆபத்து அதிகம் என்று பார்த்தோம். ஓரத்துச் சகதியில் விழுந்தால் துணி துவைக்க வேண்டும். தார் மேல் விழுந்தால் பின்னால் டிரெய்லர். டயரைத் தாருக்கும் தார் விளிம்புக்கும் தேர்ந்தெடுப்பது, சேற்றில் முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவது என்று முடிவானது. தள்ளும் தூரம் சுமார் 200 மீட்டர். தம்பிக்கு அது முதலில் பிடிக்கவில்லை. சேறு அவருக்குக் கண்ணுக்குத் தெரிந்த எதிரி. தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்த்திருந்ததால் ஒப்புக்கொண்டார்.

முன் சக்கரத்துக்கு 26 × 2.10: நடுவில் நெருக்கமான தாழ்ந்த பட்டன், இரண்டு ஓரத்திலும் மூன்றரை மி.மீ. உயரப் பட்டன். விளிம்பில் ஏறும்போது பிடிப்பது அந்த ஓரப் பட்டன்தான். பின் சக்கரத்துக்கு 26 × 1.95, கொஞ்சம் இடைவெளி விட்ட பட்டன்; குறுகியது என்பதால் களிமண் நழுவ இடம் கிடைக்கும். பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் ஐந்து டயர்களை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழுந்ததைத் தேர்ந்தெடுத்தேன். ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். 60-க்கு மேல் போனால் கெட்டி, 50 பக்கம் மென்மை. நம் ஊரில் கிடைக்கும் சாதாரண டயரில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். நகம்தான் கருவி. இரண்டும் சேர்த்து 1,100 ரூபாய்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டயரில் 26 என்று போட்டிருந்தாலே கியர் சைக்கிளுக்குச் சேரும் என்று நினைக்க வேண்டாம். பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்க வேண்டும். 26 × 1⅜ டயரில் அது 590, ரிம்மில் உட்காராது.

காற்றுக்கு முன்னால் 30, பின்னால் 36 பி.எஸ்.ஐ. இது அவருடைய எடைக்கும் ட்யூப் போட்ட சக்கரத்துக்கும் மட்டும் பொருந்தும். கம்ப்ரஸர் வேண்டாம், கேஜ் உள்ள கைப் பம்பு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம் ஓட்டும் முறை. தார் விளிம்பில் சாய்வாக ஏறக் கூடாது. நின்று, பின்னால் பார்த்து, சக்கரத்தை விளிம்புக்கு நேர் குறுக்காகத் திருப்பி ஏற வேண்டும். இடம் இல்லையென்றால் இறங்கித் தூக்கி வைக்க வேண்டும். இதை ஆளில்லாத ஒரு தெருவில் இருபது முப்பது தடவை பழகிக்கொண்டார். டயரைவிட இது அதிகம் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பின்பு நடந்தது

நவம்பர் கடைசி வாரத்திலிருந்து புதிய டயர் ஓடியது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நவம்பர் 30 அன்றும் மறுநாளும் சைக்கிளை எடுக்கவில்லை. ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்றால் எந்த டயரும் பள்ளத்தையும் மூடி திறந்த சாக்கடைக் குழியையும் காட்டாது. அந்த நாட்களில் ஓட்டுவதில்லை என்று முன்பே பேசிவைத்திருந்தோம்.

டிசம்பரில் ஒரு பஞ்சர். சேற்றில் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று தம்பி தானாகவே பின் சக்கரக் காற்றை 28-க்கு இறக்கியிருக்கிறார். பள்ளத்தில் ரிம் இடித்து, ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. முள் குத்தினால் ஒரு ஓட்டைதான் விழும். இப்படி ஜோடியாக விழுந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். மறுபடி 36-க்கே வந்தார்.

பொங்கல் வரை தார் மேல் ஒருமுறைகூட விழவில்லை. ஓரத்துச் சகதியில் இரண்டு தடவை சறுக்கி, காலை ஊன்றி நின்றார். வரிசை நிற்கும் நாட்களில் பயணம் எட்டு நிமிடம் கூடுதலாகிறது. அதற்கேற்பச் சீக்கிரம் கிளம்புகிறார். அம்மா இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது போன் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டிருக்கிறார்.

எதிர்பாராத ஒன்று: சாம்பல் கலந்த சேறு பிரேக் கட்டையில் சிக்கி, அரத்தால் ராவியது போல ரிம்மைத் தேய்த்திருந்தது. ஜனவரியில் கழற்றிப் பார்த்தபோது விரலால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. இப்போது வீட்டுக்கு வந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஊற்றிக் கழுவுகிறார்.

சேற்று டயர் ஜோடியை மீஞ்சூர்ப் பக்கம் வயல் வரப்பில் டிஸ்க் பிரேக் சைக்கிள் ஓட்டும் ஒருவருக்குப் பாதி விலையில் கொடுத்தோம். அவருடைய ஃபோர்க்கில் இடம் தாராளம், தார் ரோடு அரை கிலோமீட்டர்தான். அவருக்கு நன்றாகவே உழைக்கிறது. மீதிப் பாதி விலையை நான் தம்பிக்குத் திருப்பிக் கொடுத்தேன். முதல் தேர்வு என்னுடையது.

இனி மாற்றிச் செய்வது

யாராவது சேற்று டயர் கேட்டால், முதலில் எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை சேறு என்று கேட்கிறேன். முடிந்தால் அந்தச் சேற்றை ஒரு பாலிதீன் பையில் கொண்டுவரச் சொல்கிறேன். நாடா வருகிறதா, உடைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

டயர் மாற்றும் முன் இருக்கிற டயரில் காற்றைக் குறைத்து ஒரு வாரம் ஓட்டச் சொல்வேன். தம்பி விஷயத்தில் இதைச் செய்திருந்தால் செலவில்லாமலேயே கொஞ்சம் முன்னேற்றம் கிடைத்திருக்கும், யோசிக்க நேரமும் கிடைத்திருக்கும். இரண்டு டயரையும் ஒரே நாளில் மாற்றியதும் தவறு. முன் டயரை மட்டும் மாற்றி, பழகி, பிறகு பின் டயருக்குப் போயிருக்க வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் ஆளைத் தள்ளிவிடும். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இரவில் தார் மேல் சாம்பல் படலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. விளக்கைத் தாழ்த்திக் கட்டினால் ஈரத் தார் மினுங்கும், படலம் மங்கலாகத் தெரியும் என்று தம்பி சொல்கிறார். இரண்டு மூன்று இரவுகள்தான் பார்த்திருக்கிறார். முன் டயரின் ஓரப் பட்டன் இப்போது இரண்டரை மி.மீ. இருக்கிறது. அடுத்த மழைக்கு அதை மாற்றியாக வேண்டும். இந்த முறை செப்டம்பரிலேயே மாற்றி, காய்ந்த ரோட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பழகிய பிறகு ஐப்பசி மழைக்குப் போவதாக நாள் குறித்து வைத்திருக்கிறோம்.